கொழும்பில் கோட்டை தேடியவர்

திருமயத்தில் பிறந்தவனுக்குக் கோட்டை என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கண்ணைத் திறந்தால் மதில்தான். எங்கள் உடையப்பனுக்கோ இந்த விஷயத்தில் தலைக்கனமே உண்டு. கோட்டையைக் கட்டியது தன் பாட்டன் என்பதுபோலத்தான் பேசுவார்.

அவருடைய தங்கை காத்தாயியின் மகன் ஐயனார், கொழும்புக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகனுக்குக் கோட்டையில் குமாஸ்தா வேலை என்று காத்தாயி ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள். உடையப்பனின் மகள் அமிர்தவல்லியைத்தான் அவனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். அமிர்தவல்லிக்கும் அவன்மேல் உயிர். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று காத்தாயி அண்ணனைக் கேட்டாள்.

உடையப்பன் உடனே தலையாட்டுகிற ஆள் இல்லை. கொழும்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார். ஊருக்குச் சொன்னது உல்லாசப் பயணம். உள்ளுக்குள் இருந்தது மருமகனை வேவு பார்க்கும் திட்டம். பையனுக்கு எதற்குத் தொந்தரவு, நான் வருவதைச் சொல்லாதே என்று தங்கையின் வாயையும் கட்டிவிட்டார்.

கப்பல் ஏறும் முன், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூட்டத்தோடு அவரையும் வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார்கள். தான் வேலைக்குப் போகிறவன் இல்லை, வேடிக்கை பார்க்கப் போகிறவன் என்று உடையப்பன் விளக்கினார். டாக்டர் இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னாராம்.

கொழும்பில் இறங்கியவர் டிராம் வண்டியில் ஏறி இறங்கினார். காலிமுகத்திடலில் துரைமார் காற்று வாங்குவதைப் பார்த்துத் தானும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காற்று வாங்கினார். பிறகு ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்துக் கோட்டைக்கு விடச் சொன்னார். ரிக்‌ஷாக்காரர் நம் பக்கத்துத் தமிழர்தான். பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கிற கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினார்.

"எறங்குங்க. இதான் கோட்டை."

உடையப்பன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மதில் இல்லை, கொத்தளம் இல்லை, ஒரு பீரங்கிகூட இல்லை. கோட்டை எங்கிட்டு இருக்கிறது என்று கேட்டார். மதிலையெல்லாம் எப்போதோ இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் நிற்கிறது என்றார் ரிக்‌ஷாக்காரர். கோட்டையை இடிப்பார்களாம்! இந்த ஆளும் ஐயனாருக்குக் கூட்டு என்று உடையப்பன் முடிவு கட்டிவிட்டார். வாய் தவறி ஐயனார் வேலை பார்க்கும் கம்பெனியின் பேரைச் சொல்லிவிட, ரிக்‌ஷாக்காரர் எதிரே இருந்த கட்டடத்தைக் காட்டி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். உடையப்பன் அசையவில்லை. பொய்யனைப் பார்த்து ஆவதென்ன? வண்டியைத் திருப்பச் சொன்னார். மறுநாள் தெகிவளை மிருகக்காட்சிசாலையில் யானை, புலி எல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

வந்ததும் கடைவீதியில் வைத்தே தங்கையைப் பிடித்துக்கொண்டார். "கோட்டையே இல்லாத ஊருல ஒம்மவன் கோட்டையில வேல பாக்குறானா?"

நாங்களும் சிரித்தோம். கோட்டையைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? காத்தாயி அதே ஆவணியில் அறந்தாங்கிப் பெண் ஒருத்தியை மகனுக்கு முடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்த ஐயனாரிடம் நாங்கள் நமட்டுச் சிரிப்போடு விசாரித்தோம். அந்த வட்டாரத்துக்கே பேர் கோட்டைதான், ரயில் ஸ்டேஷனுக்கும் அதே பேர்தான் என்றான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அமிர்தவல்லி அந்த மாதம் முழுக்க வாசல் பக்கமே வரவில்லை.

உடையப்பன் மட்டும் அசரவில்லை. வருகிறவர்களை உட்கார வைத்துக் கொழும்புப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் கீரனூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர், அவ்வளவு தூரம் போனீர்களே, எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார். உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அதற்குள் மோர்ச் செம்போடு வந்த அமிர்தவல்லி, உறவுக்காரர் முன்னால் அதை வைத்தபடியே சொன்னாள்.

"எனக்கு மாப்பிள்ள பாக்கத்தான் போனாக மாமா. அவுகளத் தவிர மத்ததெல்லாம் பாத்துட்டு வந்தாக."