பிரவீனா சொன்ன முப்பது விழுக்காடு

மலேசியாவில் மாசாய் ஊரில் போன் பழுதுபார்க்கும் பிரவீனாவுக்கு ஒரு பழக்கம். அடுத்த வருடம் வரப்போகிற போனைப் பற்றி இந்த வருடமே பேச ஆரம்பித்துவிடுவாள். கண்ணாடி மாற்ற வந்தவர், ஒட்டி முடிவதற்குள் சிப்பைப் பற்றி முழுப் பாடமும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். யாரும் மாட்டாத நாளில் கணவன் மதிவாணன் மாட்டுவான். விடிவதற்கு முன்னே மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை செய்துவிட்டு வருகிறவன், சோற்றைப் பிசைந்தபடியே கண்ணயர்ந்துவிடுவான். இவள் நிறுத்தமாட்டாள்.

அப்படித்தான் நோவாரா கம்பெனியின் அடுத்த போனைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அதைச் சும்மா வைத்திருந்தால் வம்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமநாதனின் நேரலையில் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஹேமநாதன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தமிழில் போன் விமர்சனம் செய்கிறவன். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான்.

"தம்பி, இந்தத் தடவை சிப்போட வேகம் கூடாது. அஞ்சு பெர்சன் தாண்டாது. ஆனா அதே அளவு பேட்டரி முப்பது பெர்சன் அதிகமா நிக்கும்."

"அக்கா, வேகம் கூடாத புது போன எவன்லா வாங்குவான்?"

"என் கடைக்குப் பத்துப் பேர் வந்தா ஏழு பேருக்கு பேட்டரிதான் பிரச்சினை. 'போன் மெதுவா ஓடுது'ன்னு அழுதவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் இல்ல. வருஷா வருஷம் புது சிப்பு கரண்ட மிச்சம் பண்ணுது. மிச்சமான கரண்ட எல்லாம் வேகத்துக்கே தின்னுடுறாங்க. இந்தத் தடவை தின்னமாட்டாங்க. என் கப்சாய் மோட்டார்சைக்கிள அறுபதுல ஓட்டினா ஒரு டேங்கி எண்ணெய்ல பாலோ டவுனுக்குப் போய்ட்டே திரும்பிடலாம். நூத்திப்பத்துல முறுக்கினா போகலாம், திரும்ப முடியாது. அவ்வளவுதான் கணக்கு."

ஹேமநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிப்புக்குக் கப்சாயா! பார்த்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பின் உச்சத்தில் அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் சொன்னது பலித்தால் அவள் கடையில் ஒரு நாள் முழுக்கச் சம்பளமில்லாமல் வேலை செய்வானாம். பலிக்காவிட்டால் அவள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒலிபெருக்கி பிடித்து, "ஹேமநாதன்தான் என் குரு" என்று மூன்று முறை சொல்ல வேண்டும்.

"சரி" என்றாள் பிரவீனா.

நான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் போன் வெளியானது. கடையில் மூன்று வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் நின்றவர் எடுத்த எடுப்பில், "நாற்பது விழுக்காடு வேகம்!" என்றார்.

அவளுக்கு ஒலிபெருக்கி கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் அடுத்த படத்தில் விவரம் வந்தது. அந்த நாற்பது, படத்தைத் திருத்துவதற்கும் பேச்சை மொழிபெயர்ப்பதற்கும் உள்ள தனிப் பகுதிக்கு மட்டும். சிப்பின் பொதுவான வேகம் கூடியது நான்கே விழுக்காடு.

"நாலு! அண்ணே, நாலு!" என்று எதிரில் நின்ற வாடிக்கையாளரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் தன் பழுதுக்குத்தான் விலை சொல்கிறாள் என்று நினைத்து, "நாலு வெள்ளியா? உடனே செஞ்சிருங்க" என்றார்.

பேட்டரி விஷயத்தில் ஹேமநாதன் விடவில்லை. கம்பெனி சொல்வதையெல்லாம் நம்பமாட்டேன், சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்றான். விமர்சனத்துக்கு வந்த புது போன் அவனிடம் இருந்தது, போன வருடத்துப் போனும் இருந்தது.

"அப்ப கெளம்புங்க தம்பி" என்றாள் அவள். "ரெண்டையும் என் கப்சாய்ல கட்டி, மேப் போட்டு, வீடியோ ஓடவிட்டு, நல்ல வெயில்ல பாலோ போய்ட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தூக்கக் கலக்கத்திலிருந்த மதிவாணன் இரண்டு போன்களையும் கைப்பிடியில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். இரண்டிலும் பேட்டரி நூறு. ஹேமநாதன் பின்னால் உட்கார்ந்து, தன் சொந்தப் போனில் நேரலை விட்டுக்கொண்டு வந்தான். கப்சாயில் அவ்வளவு தூரம் போய் அவனுக்குப் பழக்கமில்லை. கூலாய் தாண்டி ஒரு லாரி உரசினாற்போல் போனபோது, "அம்மா!" என்று அலறினான். அந்த அலறலுக்கு மட்டும் அறுநூறு பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். கறுப்புக் கண்ணாடி எங்கேயோ பறந்துபோனது.

லாயாங்-லாயாங்கில் பழைய போன் அறுபது, புதியது எழுபத்தொன்று. ரெங்கத்தில் நாற்பத்தாறு, அறுபது. பிரவீனாவுக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே பாட்டு வந்தது. பாலோவில் ஒரு கடையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சரியாக ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பழைய போன் அணைந்தது. இருநூற்று ஐம்பது நிமிடம்.

"முப்பது பெர்சன் கூடன்னா ரெண்டு இருபத்தஞ்சு வரைக்கும் புதுசு நிக்கணும்" என்றான் ஹேமநாதன்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டோரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினார்கள். புதுப் போன் பிரவீனா கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து. பதினொன்று. எட்டு.

இரண்டு மணி இருபதுக்குத் திரை சட்டென்று இருண்டது.

"அலமாக்!" பிரவீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம்! வெறும் ஐந்து நிமிடம்!

ஹேமநாதன் பையைப் பிடுங்கிப் பார்த்தான். "சாகல அக்கா, சாகல! நீங்கதான் பதட்டத்துல சைட் பட்டன அமுக்கிட்டீங்க!" திரையை மறுபடி எழுப்பினான். "நின்னது பதினோரு செகண்டு. கடைசியில கழிச்சுக்குவோம்."

அப்போதுதான் அவள் கவனித்தாள். தோற்கப்போகிறவன் அவன். அவனே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "விடாத, விடாதடா ராசா, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று போனைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இரண்டு இருபத்தைந்து. ஐந்து விழுக்காடு மிச்சம்.

பிரவீனா மழையில் குதித்தாள். அவனும் குதித்தான். இருவரும் கத்தின கத்தலில் எதிர்ப்பக்கத்துக் குரங்குகள் மரத்தைவிட்டு ஓடின. அதன் பிறகும் போன் ஓடியது. இரண்டு நாற்பத்தொன்றுக்குத்தான் மூச்சை விட்டது.

அவன் கணக்குப் போட்டான். "பதினோரு செகண்ட கழிச்சாலும் முப்பத்தாறு பெர்சன்! அக்கா, நீங்க சொன்னதே கம்மி! நாளைக்குக் கடைய எத்தன மணிக்குத் திறப்பீங்க? நான் வந்துடுறேன்."

"பத்து மணிக்கு. கண்ணாடி இல்லாம வாங்க, மூஞ்சி நல்லாத்தான் இருக்கு."

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காளியப்பன் என்ற பெரியவர், மழையில் இரண்டு பேர் துள்ளுவதைப் பார்த்துப் பதறித்தான் நிறுத்தியிருந்தார். "என்னம்மா ஆச்சு? பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?"

"இல்லண்ணே! முப்பத்தாறு! முப்பத்தாறு வந்துருக்கு!"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பரீட்சையா? முப்பத்தாறு மார்க்குக்கா இந்த ஆட்டம்? சரி சரி, பாஸ் பண்ணிட்டீங்கல்ல. அடுத்த தடவை நல்லாப் படிச்சு நாப்பது வாங்குங்க."

ஹேமநாதன் சிரித்துச் சிரித்துப் பஸ் நிறுத்தத்துப் பலகையில் சாய்ந்துவிட்டான். பிரவீனா மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

"நாப்பதா?" என்றாள், ஈர முடியை ஒதுக்கிக்கொண்டே. "அடுத்த வருஷம் சிப்பு மட்டும்னா வராதுண்ணே. ஆனா பேட்டரியையும் மாத்துனாங்கன்னா... இருங்க, எறங்கி வாங்க, சொல்றேன்."

காளியப்பன் லாரியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.