எந்தக் கிணற்றில் தீப்பிடித்தது

கார்லா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் என் மனைவியின் சாவுக்கு இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. எரிவாயு எடுக்கத் துளை போட்டதால்தான் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது என்றது ஒரு கட்சி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றது மற்றது. அடக்கத்தன்று இரண்டு கட்சிக்காரர்களும்தான் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பாத்திரங்களை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.

எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் மாடு வைத்திருந்த பாதிப் பேர் நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். என் மாமனார் டெல்பர்ட்டும் விட்டார். அவருடைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால்தான் துளை போட்டார்கள். அதே பண்ணையில், அவருடைய பழைய வீட்டில்தான் கார்லாவும் நானும் குடியிருந்தோம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம்.

இப்போது கம்பெனி தொடக்கப் பள்ளிக்கு அடுத்த மனையில் இயந்திர நிலையம் கட்ட அனுமதி கேட்டது. வாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் நிலையம். இரவும் பகலும் ஓடும், புகை விடும். என் மகள் ஹேட்டி செப்டம்பரில் அந்தப் பள்ளியில் சேர வேண்டும்.

முடிவெடுப்பது ஊர் மன்றத்தின் மூன்று பேர். ஹார்லன் கம்பெனி பக்கம். பெர்ல் எதிர்ப்பக்கம். மூன்றாவது ஆள் டெல்பர்ட்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா ஆப்பிள் பை என்ற பலகாரத்தோடு வந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ். எதிர்ப்புக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"ஆளுக்கு மூணு நிமிஷம் தருவாங்க, நோலன். நீ கார்லா பேரச் சொன்னாப் போதும். உன் மாமனார் அப்புறம் கம்பெனிக்கு ஆதரவா வாயத் திறக்க மாட்டார்."

"அதுதான் காரணம்னு எனக்குத் தெரியாது வெர்னா."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நாப்பது வருஷம் நர்ஸு வேலை பாத்தவ நான்."

"அதனாலதான் உங்கள்ட்ட கேக்குறேன்."

அவள் என்னை முறைத்தாள். "பலகாரத்த வச்சிட்டுப் போறேன். முடி வெட்டிக்கோ. குழந்தை பயப்படப் போறா."

நான் கல்லூரியில் வேதியியல் படித்தவன். துளை போடுவதற்கு முன்பு தண்ணீரைச் சோதித்து வைத்திருந்தால் இன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். யாரும் சோதிக்கவில்லை, நானும்தான். எங்கள் ஊர்த் தண்ணீரில் வாயு இருப்பது பழைய வேடிக்கை. டெல்பர்ட் வாலிபத்தில் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் கிணற்றுக் குழாயில் தீக்குச்சி வைத்து, குப்பென்று எரிவதைக் காட்டுவாராம். அதனால், துளை போட்ட பிறகு எங்கள் சமையலறைக் குழாயில் நுரை நுரையாக வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட் வீட்டுத் தண்ணிதானே என்றார்கள். கார்லாவும் சிரித்தாள். குடித்தாள்.

செவ்வாய் மாலை தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். ஹேட்டி என் மடியில் இருந்தாள். லைல் முதலில் எழுந்தான். அவன் நிலமும் குத்தகையில் இருந்தது.

"அந்தக் காசு வரலன்னா என் மாடெல்லாம் ஏலத்துக்குப் போயிருக்கும். பால் விலைய ஏத்திக் குடுங்க, நாளைக்கே வெர்னாவோட சேந்து நானும் போர்டு பிடிக்கிறேன்."

"உன் கையில போர்டு குடுத்தா தலைகீழாப் பிடிப்ப," என்றாள் வெர்னா. லைலும் சிரித்தான்.

என் முறை வந்தது. ஹேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். டெல்பர்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"கார்லா எதனால செத்தான்னு எனக்குத் தெரியாது," என்றேன். "இனிமேலும் தெரியப் போறதில்ல. நாம முன்னாடியே சோதிக்கல. இவ விஷயத்துல அப்படி நடக்கக் கூடாது. நிலையத்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற மேட்டுக்கு அந்தப் பக்கம் வைங்க. அதுக்கு முன்னாடி தண்ணியையும் காத்தையும் சோதிங்க. அவ்வளவுதான்."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஹார்லன் தொண்டையைக் கனைத்தார். "தண்ணியில சோதிக்க என்னப்பா இருக்கு? நம்மூர்த் தண்ணி அந்தக் காலத்துலயே எரிஞ்சது. டெல்பர்ட்டக் கேளு."

கூட்டம் சிரித்தது. டெல்பர்ட் சிரிக்கவில்லை.

"அது கொட்டகைக் கிணறு," என்றார்.

"என்னது?"

"எரிஞ்சது கொட்டகைக் கிணறுய்யா. வீட்டுக் கிணத்துலயும் தீக்குச்சி வச்சுப் பாத்திருக்கேன். ஒரு தடவகூடப் பிடிச்சதில்ல. பொண்ணு வீட்டுல நுரை வந்தப்ப எல்லாரும் சிரிச்சீங்க. எரிஞ்சது வேற கிணறுன்னு நான் திருத்தல. கையெழுத்துப் போட்டவன் நான். சிரிக்கிறது எனக்குச் சௌகரியமா இருந்தது."

அதனால் கார்லாவின் நோய்க்கு விடை கிடைத்துவிடவில்லை. நுரை வேறு, புற்றுநோய் வேறு. ஆனால் முதல்முறையாக அந்த அறையில் ஒருவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருந்தார்.

"பள்ளிக்கூடத்துப் பக்கம் வேணாம்," என்றார் டெல்பர்ட். "மேட்டுக்கு அந்தப் பக்கம்னா சரி, சோதிச்ச பிறகு. என் ஓட்டு அதுக்குத்தான்."

பெர்லும் கை தூக்கினாள். இரண்டுக்கு ஒன்று. கம்பெனி ஆள் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கத்து இடத்தை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னான். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் சொன்னான். லைல் முதல் ஆளாகத் தன் கிணற்றைச் சோதிக்கச் சொல்லிப் பெர்லிடம் போய் நின்றான்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தீயணைப்புப் படைப் பெண்கள் வண்டிகளுக்குப் பக்கத்தில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் என்னிடம் வந்து நின்றார். ஹேட்டி அவர் தோளுக்குத் தாவினாள்.

"சோதனைக்குத் தண்ணி வடிகட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே எடுக்கணுமாமே," என்றார். "குழாயக் கழட்ட ஸ்பேனர் எடுத்துட்டு வர்றேன்."

"கொட்டகைக் கிணத்துலயும் எடுப்போம்."

"அது எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்க."

யோசித்தார். தலையாட்டினார். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பிட்டியாடா?"

இல்லை என்றேன். பசிக்கிறது என்றும் சொன்னேன். உண்மையிலேயே பசித்தது.