ஞாயிற்றுக்கிழமை டிரைவர்

திரை கறுத்தபோது சாதனாவுக்கு முதலில் வந்தது எரிச்சல் அல்ல, நிம்மதி. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. முக்கியமாக, மொபைலில் மாட்டிய ஹெட்ஃபோனுக்குள் அலறிக்கொண்டிருந்த தம்பி நகுலிடம்.

“அக்கா! மறுபடியும் போயிட்டயா? சுக்கானைப் பிடிச்சிண்டு சிலையாட்டம் நிக்கறாய். படகு நேரா பாறையைப் பாத்துப் போறது!”

“கிராஷ் ஆயிடுத்துடா.”

“அதே மெசேஜா?”

அதே மெசேஜ்தான். திரையை ஓட்டும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டதாம், பிறகு தேறிவிட்டதாம். தேறியதென்னவோ அந்த ஒரு வரியில் மட்டும். விளையாட்டு செத்துத்தான் கிடந்தது.

நகுல் லாட்வியா நாட்டு ரீகாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டவன். போவதற்கு முந்தின மழைக்காலத்தில் அக்காவும் தம்பியுமாக மும்பை லேமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் அலைந்து பாகம் பாகமாக வாங்கி, செம்பூர் ஃப்ளாட்டின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டினார்கள். படகு விளையாட்டையும் அவன்தான் தேடிப் பிடித்தான். ஒருவர் சுக்கான், ஒருவர் பாய். ஒற்றை ஆளாக அந்தப் படகை நகர்த்த முடியாது. ஞாயிறு மத்தியானம் இங்கே சாப்பாடு முடிகிற நேரம் அங்கே காலை. அவன் கூப்பிட்டுவிடுவான்.

மற்ற ஆறு நாளும் சாதனா ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடியே போய் நின்றபடியே திரும்புகிறவள். ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கும் ஆபீஸ். கண்ணை மூடினால் மற்றவர்களுடைய ஆஸ்பத்திரி பில்கள் ஓடும். ஞாயிறு மத்தியானத் தூக்கம் ஒன்றுதான் அவளுடையதாக இருந்தது. அதுவும் கடலோடு போயிற்று.

“அவனுக்கு அங்க யாரு இருக்கா? நீ சித்த நேரம் உக்காந்தாத்தான் என்னவாம்?” என்பாள் அம்மா வாலாம்பாள். சாதனாவும் உட்கார்ந்தாள்.

நவராத்திரி முடிந்த கையோடு இந்தக் கோளாறு ஆரம்பித்தது. அதிலிருந்து கடல் பாதி, வைத்தியம் பாதி. சேஃப் மோடில் போய் டிரைவரை வேரோடு எடுத்துப் புதிதாகப் போட்டாயிற்று. புதுசு வேண்டாமென்று பழைய டிரைவரைத் தேடிப் போட்டாயிற்று. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தாயிற்று. கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கித் திரும்பக் குத்தியாயிற்று. சூட்டைக் காட்டும் சாஃப்ட்வேர் எல்லாம் ஒழுங்கென்றே சாதித்தது.

“அந்த டிரைவரை மாத்தியாச்சோ?” அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“மாத்தியாச்சும்மா.”

“புதுசா வந்தவனும் இப்படித்தானா? எல்லாம் ஒரே யூனியனாக்கும்.”

ஹெட்ஃபோனில் நகுல் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, கேளு. இன்டர்நெட் ஃபோரம்ல எழுதியிருந்தேன்னு சொன்னேனே, பிரேசில்லேர்ந்து ஒருத்தன் பதில் போட்டிருக்கான். நல்ல மனுஷன். தினம் பேசிக்கறோம், உன் மெஷினைப் பத்தித்தான். அவன் சொல்றான், கேபினெட்டைத் திறந்து வெச்சிண்டே கேமை ஓட்டிப் பாருன்னு. இதுவரைக்கும் நாம ஆஃப் பண்ணிட்டுன்னா திறந்தோம்?”

“சரி.”

“நான் கீழ போய் காமன் வாஷிங் மெஷின்லேர்ந்து துணியை எடுத்துண்டு வந்துடறேன். லேட்டானா ஒரு மாமி திட்டுவா. நீ பாரு.”

அவன் போய்விட்டான். சாதனா பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு விளையாட்டைத் துவக்கினாள். சூடேறும்வரை கார்டின் விசிறிகள் அசையாமல் இருப்பது அதன் வழக்கம். அதனால்தான் அவை நிற்பதை இதுவரை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் அலை எழும்பியது. ஒரு விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. பக்கத்து விசிறி மெல்ல நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கியது. ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அணைத்துவிட்டு, புருவம் திருத்தும் இடுக்கியால் கிளறினாள். மஞ்சளாக ஒரு அரிசி வந்தது.

அட்சதை. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் வைத்து அம்மா கை நிறைய அள்ளித் தூவியது. கேபினெட்டின் மேல்மூடி வெறும் சல்லடைதானே. அவ்வளவு ஆசீர்வாதமும் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது.

சாதனா அரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கூடத்து விசிறிக் காற்றில் கண் சொக்கியது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டால் என்ன? திரை கறுக்கும். இன்னும் சில வாரம் தட்டிப் பார்ப்பான், பிறகு அவனாகவே விட்டுவிடுவான். யார் மேலும் பழி வராது. ஒருவர் வாயும் திறக்க வேண்டாம்.

ஆனால் அவன் விடமாட்டான். பிரேசில்காரனிடம் தினமும் எழுதுவான். ஆபீஸ் விட்டு வந்து, ஒற்றை அறையில், அக்கா வீட்டு மெஷினுக்காக உலகத்தையே விசாரித்துக்கொண்டிருப்பான். அவனை அப்படி அலையவிட்டுவிட்டுத் தூங்குவது எந்தத் தூக்கத்தில் சேர்த்தி?

“வந்துட்டேன்,” என்றான் நகுல், மூச்சு வாங்க. “என்ன ஆச்சு?”

“கிடைச்சுடுத்து. அரிசி.”

“என்ன அரிசி?”

“அட்சதை. ஃபேன்ல மாட்டிண்டிருந்துது.”

அவன் சிரித்த சிரிப்பு ஹெட்ஃபோனைத் தாண்டிக் கூடத்தில் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“நன்னா இருக்கணும்னு நான் போட்டதாக்கும். தலையில ஓட்டை வெச்சுப் பெட்டி வாங்கினது நீங்க, கேட்டயா!”

“பிரேசில்காரனுக்கு இதை நான் எப்படி எக்ஸ்ப்ளெயின் பண்றது! சரி, ஸ்டார்ட் பண்ணு.”

மீதி அரிசியையும் தட்டிக் கொட்டிவிட்டுத் துவக்கினாள். இரண்டு விசிறியும் சுற்றின. படகு பாறையைச் சுற்றிக்கொண்டு திறந்த கடலுக்கு வந்தது. திரை கறுக்கவில்லை. வழக்கமாகக் கறுக்கும் நேரத்தைத் தாண்டியும் கறுக்கவில்லை. சாதனா சுக்கானிலிருந்து கையை எடுத்தாள்.

“நகுல், நான் இன்னிக்கு விளையாடலைடா.”

“ஏன்? சரியாயிடுத்தே!”

“சரியாயிடுத்து. அதனாலதான் வாயால சொல்ல வேண்டியிருக்கு. ஒவ்வொரு தடவை ஸ்க்ரீன் போறச்சேயும் எனக்கு அப்பாடான்னு இருந்துது.”

“மத்லப்? அப்படின்னா?”

“முடியலைடா. வாரம் பூரா நின்னுண்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமை எனக்குப் படுத்துக்கணும்.”

சுக்கான் பிடிக்க ஆளில்லாத படகு திரையில் ஒரு பக்கமாகத் திரும்பியது.

“பிரேசில்காரன்கிட்ட உன்னைப் பத்திப் பெருமையா எழுதியிருந்தேன்,” என்றான் நகுல். “என் அக்காவுக்கு ரொம்பப் பொறுமை, வாராவாரம் அலுக்காம உக்காருவான்னு.” குரலில் கோபம் ஏறிற்று. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“உனக்கு அங்க யாரு இருக்கா?”

“அம்மா டயலாக் அது.” பிறகு, “யாரும் இல்லைதான்,” என்றான்.

சாதனா அப்போதும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“மாசத்துக்கு ஒரு தடவை படகு. மத்த ஞாயித்துக்கிழமை சும்மா ஃபோன் பண்ணு, பேசலாம்.”

“ஃபோன்ல என்ன பேசறது?”

அவளுக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். தரையில் பாயை விரித்து, மொபைலைக் காதோரம் வைத்துப் படுத்தாள்.

“திட்டுவான்னியே ஒரு மாமி, யார் அவ?”

“கீழ் வீட்டுக்காரி. அவளைப் பத்தி என்ன?”

“சொல்லேன். நடுவில தூங்கினாலும் தூங்கிடுவேன். கோச்சுக்காதே.”

“தூங்கு. எனக்கென்ன,” என்றான் அவன், கோபம் இன்னும் தணியாமலே. பிறகு சொல்லத் தொடங்கினான். அந்த மாமி முதல் நாள் அவனுடைய ஈரத் துணியை எல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டாளாம். மறுநாள் கதவைத் தட்டி, ஒற்றை சாக்ஸை நீட்டி, ஏதோ கேட்டாளாம். சாதனா “ம்” என்றாள். இன்னொரு முறையும் “ம்” என்றாள். மாமி என்ன கேட்டாள் என்று அவன் சொன்னபோது, அதைக் கேட்க அவள் விழித்திருக்கவில்லை.