துடைத்தபின் மறந்த எலிகள்

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. ஆய்வு மாணவியான என் தங்கை சாப்பிடும்போது புலம்பியதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுத்தாளர்கள் இதற்குக் கற்பனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘இருள் சூழ்ந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சுண்டெலி தன் விதியை நோக்கி—’

தங்கை எட்டிப் பார்த்தாள். “அங்க ட்யூப்லைட் எரியும்ணா. எலிக்கு விதியெல்லாம் கிடையாது, நம்பர்தான்.”

அந்த முதல் வரியை அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். எலியின் ஞாபகத்தைச் சோதிக்கும் மேடை அது: நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து எட்டு வழிகள், ஒவ்வொன்றின் முனையிலும் துளி தீனி. போய்வந்த வழியை எலி நினைவில் வைத்திருக்க வேண்டும். மறுபடி அதற்குள் நுழைந்தால் தவறு. தவறுகளைக் குறிப்பது தங்கையின் வேலை. ஞாபகத்தைக் கூட்டுவதற்காக அவளுடைய பேராசிரியர் தயாரித்த மருந்தைக் குடித்த எலிகள் தவறே செய்யவில்லை. (செல்போனை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடும் எனக்கும் அந்த மருந்தின்மேல் ஒரு கண்.)

ஒருநாள் நாற்றம் தாங்காமல், எலி நடுவுக்குத் திரும்பும்போதெல்லாம் கதவை அடைத்துவிட்டு வழிகளைத் துடைத்தாள். அவ்வளவுதான், எலிகள் திருதிருவென்று விழித்தன. மருந்து கூட்டியது ஞாபகத்தை அல்ல, மூத்திரத்தை. போன வழியை மோந்து பார்த்தே ஒதுக்கியிருக்கின்றன.

3

பேராசிரியருக்கு முறுக்கு மீசை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே இவளுக்கு லீவு கொடுத்தவர். வில்லனாக்க மனம் வரவில்லை.

“யாரும்மா துடைக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். நாறிச்சு.”

“மருந்து ஞாபகத்தைக் கூட்டுதுன்னு கட்டுரை அனுப்பியாச்சு. மோந்து கண்டுபிடிச்சாலும் ஞாபகம்தானே?”

“அப்போ தலைப்புல மூத்திரத்தையும் சேத்துடலாமா சார்?”

(கடைசி வரி என் சரக்கு. அவள் சொன்னது “சரி சார்”. நாலு வருஷமாக அவள் உழைக்கும் முனைவர் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும்.)

4

முடிவு அ: பேராசிரியர் கண்கலங்கி, “நீதாம்மா உண்மையான—” வேண்டாம், எனக்கே குமட்டுகிறது.

முடிவு ஆ: அவள் கூண்டுகளைத் திறந்துவிடுகிறாள்.

“பூனை தின்னுடும்ணா,” என்று இரண்டின் மேலும் கோடு போட்டாள்.

நடந்தது இது. மறுநாள் காலை, துடைத்தபின் கிடைத்த எண்களை ஒரு கடிதத்தில் எழுதி, அவர் கட்டுரை போன அதே ஆய்விதழுக்குத் தன் பெயரிலேயே அனுப்பினாள். பேராசிரியருக்கும் ஒரு நகல். மதியம் அவர் தலை நிமிராமல், “லேப் சாவிய மேசைல வச்சிட்டுப் போம்மா,” என்றார். வைத்துவிட்டு வந்தாள்.

ஆய்விதழ் ஆசிரியர் இன்னும் பதில் போடவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். அவள் கடிதம் உங்கள் முன்னால் இருக்கிறது. என்ன எழுதுவீர்களோ, கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பக்கத்து அறையில் அவள் மெயிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.