யாரும் பார்க்காத மரவேலி

“பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும், சுவத்துல இடிக்குது!”

தோர்கில் கையைத் தூக்கியதும் ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். சவப்பெட்டியின் முன்பாதி நடைவழி வளைவுக்குள் போயிருந்தது. பின்பாதி கூடத்திலேயே நின்றது. முன்னே தள்ளினால் சுவர், பக்கவாட்டில் திருப்பினால் கதவு நிலை. தலைமாட்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிரேபெனுக்கு உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. பெட்டிக்குள் இருந்தது அவருடைய மனைவி போடில்.

நேற்று வெறும் பெட்டியாக வந்தபோது அதை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, பீரோவைக் கொண்டுவருவது போல வளைவில் திருப்பித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். மாலையில் போடிலை அதில் கிடத்தி, அவளுக்குப் பிடித்த இரண்டு பாட்டுகளைப் பாடி, தோட்டத்து லைலாக் பூங்கொத்து ஒன்றைக் கையில் வைத்து மூடியும் போட்டாயிற்று. இனி வெளியே எப்படிப் போவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சவ அடக்கத் தொழிலில் ஊரில் பாதிப் பேரை மண்ணுக்குள் அனுப்பிவைத்த தோர்கிலுக்கே தோன்றவில்லை.

“வேற வழியில்லப்பா. கொஞ்சம் நிமித்தி…” என்று தோர்கில் இழுத்தார்.

“என் பொண்டாட்டி என்ன பீரோவா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லத்தான் வந்தே.”

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் இந்தப் பேச்செல்லாம் காதோடு போய்விடும். பெட்டியைத் திரும்பக் கூடத்துக்கே கொண்டுவந்து தாங்கிகள் மேல் வைத்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தோட்டத்துக் கண்ணாடிக் கதவு. இரண்டு மடல், தாராளமான அகலம். வெளியே புல்தரையில் சவ வண்டியைக் கதவு வரை கொண்டுவரலாம். ஆனால் கதவுக்கு முன்னால், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை சேர்த்துப் போட்ட மேசைகள் மேல், போடிலின் தேசம் கிடந்தது.

ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் லெகோ கட்டை அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆலை அடுத்த ஊரில்தான், பாதி வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். கோட்டை செட், கடற்கொள்ளையர் செட், நிலாத்தளம் செட், கிறிஸ்துமஸ் கிராமம் செட் என்று எல்லார் வீட்டு அலமாரியிலும் வரிசையாக நிற்கும். ஒன்றோடொன்று பேசாத பங்காளிகள் போல நிற்கும். போடில் அவர்களை ஒரே மண்ணில் குடியேற்றினாள். செட்டை அட்டையில் காட்டியபடி கட்டிவிட யாராலும் முடியும். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே இருக்கும் நிலம் எந்தப் பெட்டியிலும் வராது. அதை அவள்தான் செய்தாள்.

கிறிஸ்துமஸ் கிராமம் மலையின் வடக்குச் சரிவில் இருந்தது. கீழே இறங்க இறங்கப் பனி திட்டுத் திட்டாகி, கடைசியில் ஒரு கல்சுவரின் நிழலில் ஒற்றை வெள்ளைக் கட்டையாக மிஞ்சியது. மார்ச் மாதத்தில் பனி கடைசியாக எங்கே ஒளிந்து கிடக்கும் என்று தெரிந்த ஒருத்தியால்தான் அந்தக் கட்டையை அங்கே வைக்க முடியும். நிலாத்தளத்தை ஒரு சரளைக்கல் குழிக்குள் இறக்கியிருந்தாள். சாம்பல் நிற நிலா சாம்பல் நிறக் குழியில் அப்படிப் பொருந்திப்போனது. கோட்டையடியில் ஊர்ச் சந்தை, அதில் பேண்டு வாத்தியம். அதைக் கேட்க விண்வெளி வீரர்கள் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழியின் விளிம்புக்கு ஏறி வந்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

போன குளிர்காலம் முழுக்க, நிற்க முடிந்த நாளில் நின்றும், முடியாத நாளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் கட்டியது. செப்டம்பரில் நடக்கும் லெகோ கண்காட்சிக்குப் போகவேண்டியது.

“அப்பா,” என்றாள் மகள் மாரென். “அம்மா வருஷா வருஷம் கலைக்கிறதுதானே. மேசைய ரெண்டா இழுப்போம். விழறது விழட்டும், அப்புறம் பொறுக்கிக்கலாம்.”

“அவ கலைக்கலாம். நாம கலைக்கக் கூடாது.”

“பாதிரியார் அங்க காத்துக்கிட்டிருக்காருப்பா.”

“இருக்கட்டும். பொறுமையப் பத்தி நம்மகிட்ட எத்தன ஞாயிறு பேசியிருக்காரு.”

அப்பா வம்புக்காகச் சொல்லவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. போடில் நிமிர்த்தப்படாமல் படுத்தபடி போகவேண்டும். அவள் கட்டியதில் ஒரு மரம்கூடச் சாயக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பிரேபென் நாள் முழுக்க இங்கேயே நிற்பார்.

தேசம் இரண்டாகப் பிரியும் என்பது அவருக்குத் தெரியும். பிரியாவிட்டால் கண்காட்சிக்கு எப்படிக் கொண்டுபோவது? எங்கே பிரியும் என்பதுதான் தெரியாது. கேட்டபோது போடில் கண்ணைச் சிமிட்டினாள். “தெரிஞ்சா அரை நிமிஷ வேலை. தெரியலன்னா நான் ஜெயிச்சேன்னு அர்த்தம். நீயே கண்டுபிடி தபால்காரரே, முகவரி இல்லாத கடுதாசியையே கொண்டுபோய்ச் சேத்த ஆளுதானே.” அவர் ஆகட்டும், ஒரு நாள் பார்க்கிறேன் என்றார். அதற்குள் அவளுடைய நாள்கள் தீர்ந்துவிட்டன. அவளுடைய லெகோ சங்கத்து ஆட்களிடம் கேட்டும் பயனில்லை. இணைப்பை யார் நன்றாக மறைக்கிறார்கள் என்பதில்தான் அவர்களுக்குள் போட்டியே.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். மேசைகள் பிரியும் இடம் தெரிந்தது. ஆனால் மேலே நிலம் அங்கே முடியவில்லை. ஒரு மேசையின் நிலம் அடுத்த மேசை மேல் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

“ஆத்தங்கரையிலதான் இருக்கும். நானா இருந்தா அங்கதான் பிரிப்பேன்,” என்றாள் மாரென்.

பிரேபென் கரையில் விரல் வைத்து மெல்ல அழுத்தினார். பாலம் நொறுக்கென்றது. அதன்மேல் போய்க்கொண்டிருந்த மாட்டு வண்டி கவிழ்ந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“எல்லாரும் ஆத்துலதான் தேடுவாங்கன்னு உங்கம்மாவுக்குத் தெரியாதா?”

வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கறுப்புக் கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டார். கண் இப்போது அந்தச் சின்ன மனிதர்களின் மட்டத்துக்கு வந்தது. இத்தனை நாளும் மேலிருந்து பார்த்திருக்கிறார், பக்கவாட்டில் பார்த்திருக்கிறார், காபிக் கோப்பையோடு கடந்துபோயிருக்கிறார். இந்த மட்டத்தில் பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் சந்தைக்குப் போகும் பாதை நிஜமாகவே நீளமாக இருந்தது. ஆப்பிள் மரங்களுக்கு அடியில் உதிர்ந்த பூக்கள்கூட இருந்தன. அடி கெட்டிக்காரி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மாரெனும் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். “எல்லாப் பயலும் பேண்டு வாத்தியத்தையே பாக்கறான் பாருப்பா. கொள்ளக்காரன் கூட.”

கப்பல் பாய்மரத்தில் தொற்றிக்கொண்டு கடற்கொள்ளையர்கள் சந்தையைப் பார்த்தார்கள். கோட்டை மதிலிலிருந்து வீரர்கள் பார்த்தார்கள். மலையிலிருந்து சறுக்கி வந்த பிள்ளைகள், பசு மேய்ப்பவள், விண்வெளி வீரர்கள், அத்தனை முகமும் சந்தைப் பக்கம். பிரேபெனும் இவ்வளவு நேரம் சந்தையைத்தான் அதிகம் பார்த்திருந்தார். போடில் அடிக்கடி சொல்வாள்: ‘நீ சும்மா வானத்தப் பாத்துக்கிட்டு நில்லு. பத்துப் பேரு அண்ணாந்து பாப்பான்.’

“யாரும் பாக்காத இடம் எது?” என்றார்.

“என்னப்பா?”

“இதுல ஒருத்தன்கூடப் பாக்காத இடம். அங்கதான் ஒளிச்சிருப்பா. தேடு.”

வயல்களுக்கு நடுவே, காற்றுக்குத் தடுப்பாக வரிசையாய் நட்ட மரங்களால் ஆன ஒரு மரவேலி ஓடியது. ஊரைச் சுற்றி எந்த வயலிலும் பார்க்கலாம், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சின்ன மனிதர்களும் அதைத் தாண்டிச் சந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் அப்படி இல்லை. சிவப்புச் சட்டை, மஞ்சள் சைக்கிள், கையில் ஒரு வெள்ளைக் கடிதம். பக்கத்தில் வீடும் இல்லை, கதவும் இல்லை. ஒரு தபால்காரர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரென் அந்தச் சிவப்புச் சட்டையை விரல் நுனியால் தொட்டாள். பிறகு, “அப்பா, இது நீதான்,” என்றாள்.

“தெரியுது.”

தபால்காரரை எடுத்துக் கோட்டுப் பைக்குள் பத்திரமாகப் போட்டார். வேலியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். சட்டி மூடி போல அது முழுசாகக் கையோடு வந்தது. அடியில் இரண்டு நிலங்களின் ஓரங்களும் உரசாமல், ஒட்டாமல், அடுத்தடுத்துக் கிடந்தன. பிரேபெனுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் அவர் தடுக்கவில்லை.

“அடேங்கப்பா,” என்றார் தோர்கில். தொப்பி அவர் கைக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

மேசைகளை நான்கு பேராக நகர்த்தினார்கள். மலையும் கப்பலும் குழியும் ஒரு பக்கம் போயின. கோட்டையும் சந்தையும் மறுபக்கம். ஒரு மரமும் சாயவில்லை. நடுவில் கண்ணாடிக் கதவு வரை வழி திறந்தது. மே மாதத்துக் காற்று உள்ளே வந்தது.

“தூக்குங்க. மெதுவா,” என்றார் தோர்கில்.

இம்முறை பெட்டி எங்கும் இடிக்கவில்லை. பாதி வழியில்தான் பிரேபென் அதைக் கவனித்தார். பனிமலைப் பிள்ளைகளும் கொள்ளையர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிய விண்வெளி வீரர்களும் சந்தையைப் பார்த்துத் திரும்பி நின்றவர்கள். இப்போது அவர்களுக்கும் சந்தைக்கும் நடுவில் போடில் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

“அப்பா, படி,” என்று மாரென் எச்சரித்தாள். அவர் காலை எடுத்து வைத்தார்.

தேவாலயத்தில் தாமதத்தைப் பற்றிப் பாதிரியார் ஒன்றும் கேட்கவில்லை. குழிக்கருகில் மூன்று முறை மண் போட்டார். திரும்பி வந்ததும் வீட்டு முற்றத்தில் துக்கத்துக்காக அரைக் கம்பத்தில் இருந்த கொடியை, அடக்கம் முடிந்தபின் செய்யும் வழக்கப்படி, பக்கத்து வீட்டுக்காரர் உச்சிக்கு ஏற்றினார். உள்ளே காபியும் வெண்ணெய் தடவிய பன்னும் போய்க்கொண்டிருந்தன. வந்தவர்கள் மேசைகளுக்கு நடுவே நடந்து, இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் போனபிறகு பிரேபெனும் மாரெனும் மேசைகளைச் சேர்த்தார்கள். மாரென் வேலியைக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் தள்ளி நின்று தேடினாள்.

“மறுபடியும் காணோம்ப்பா. எங்க பிரிச்சோம்னே தெரியல.”

“தெரியக் கூடாது,” என்றார் பிரேபென்.

பையிலிருந்து தபால்காரரை எடுத்தார். சைக்கிளைப் பழைய இடத்திலேயே வைத்தார். ஆளை மட்டும் திருப்பி, தோட்டத்துக் கதவைப் பார்க்க நிறுத்தினார்.