பக்கத்து மேசைக் கணினி

அண்ணி சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை போன வருஷம் உங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தாராம். என்னன்னு கேட்டா மழுப்புறாங்க. ஒரு தடவை பாத்துச் சொல்லேன். உன் அண்ணன் பொண்ணு வாழ்க்கை இல்லையா?"

அவள் இருந்தது பில் பிரிவில். நோயாளிகளின் சிகிச்சை விவரம் அவள் கணினியில் திறக்காது. பக்கத்து மேசைச் சுருட்டைக்குத் திறக்கும். தலைமுடியால் வந்த பெயர் அது. டீ குடிக்கப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் சுருட்டைக்குக் கிடையாது. "நமக்குள்ள என்ன?" என்பாள்.

அன்றும் அப்படியே எழுந்து போனாள். இவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாம் முறை திறந்தாள். படித்தாள். மூடினாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அண்ணி போன் செய்தபோது எடுக்கவே கை வரவில்லை.

மறுநாள் கணினிப் பிரிவின் தலைவர் வந்து நின்றார். "எப்பவோ டிஸ்சார்ஜ் ஆனவரோட விவரத்தை நேத்து எதுக்கும்மா திறந்தீங்க?" என்று சுருட்டையைக் கேட்டார்.

"ஐயோ, நான் திறக்கவே இல்ல சார்!"

"உங்க பாஸ்வேர்டுலதான் திறந்திருக்கு."

சுருட்டை இவள் பக்கம் திரும்பினாள். "நீ இங்கதானே இருந்த? என் சீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா, சொல்லுடி."

"யாரும் வரல" என்றாள் இவள்.

சுருட்டையை மேலாளர் அறைக்கு அழைத்துப் போனார்கள். இவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள், குடிக்காமலே திரும்பினாள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அதற்குமேல் தாங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"வெளியாளு யாரும் வரல சார். நான்தான் பாத்தேன்."

சுருட்டை கண்ணைத் துடைத்தபடி இவளையே பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சுருட்டைக்கு எச்சரிக்கையோடு போயிற்று. இவளை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அண்ணியிடம், பார்த்தேன் என்பதற்குமேல் அவள் வாயே திறக்கவில்லை. "கூடப் பொறந்தவன் பொண்ணுன்னு ஒரு பாசம் வேணாமா?" என்று அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து அண்ணன் மகளே போன் செய்தாள்.

"அத்தை, நான் அவர்கிட்ட நேரா கேட்டுட்டேன். வலிப்பு வந்துச்சாம், மாத்திரை சாப்பிடுறாராம். நீங்க பாத்ததும் அதுதானா?"

அதுதான். எழுத்துக்கு எழுத்து அதுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் நிம்மதியாகிவிடுவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையும் அவருடைய சிகிச்சை விவரத்திலிருந்து எடுத்ததாகத்தானே இருக்கும்?

"அவரே சொல்லிட்டாருல்ல கண்ணு, அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குற?" என்றாள்.

மறுமுனையில் அந்தப் பெண் நிம்மதியானாளா, கோபித்துக்கொண்டாளா, ஒன்றும் புரியவில்லை. போனை வைத்துவிட்டு, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.