மூன்றாவது தடவை

அயோவாவின் அந்த ஊர்ப்பக்கம் யாரும் எதையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். காபி குடிக்கிறாயா என்றால் வேண்டாம் என்பார்கள். கொஞ்சமாவது என்றால் எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை போதும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் முழுக் கோப்பையும் காலியாகும், கூடவே ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டும் காலியாகும். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் வெளியூர்க்காரன். ஆர்லன் அறுபத்தாறு வருடமாக இந்த வழக்கத்தில் ஊறியவர். கடைசியில் அந்த வழக்கம்தான் அவரைக் கவிழ்த்துவிட்டது.

அவருடைய அக்கா மார்லிஸுக்கு மூன்று வருடமாகக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமைதோறும் நாற்பது மைல் தள்ளியிருந்த கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். அந்தப் பக்கம் பஸ் என்றால் பள்ளிக்கூடப் பஸ் மட்டும்தான். அக்கா கணவர் டுவெய்ன்தான் வண்டியோட்டி. கல்யாணமான வருடம் வாங்கிய வெளிர்பச்சை ஃபோர்ட் ஃபால்கன், அறுபத்தைந்தாம் வருடத்து வண்டி. அதை விட்டு வேறு காரில் அவர் ஏறியதே இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஓடி, அதன் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருந்த பல்சக்கரங்கள் தேய்ந்து போயிருந்தன. ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு அங்குலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாலும் முன் டயர்களுக்குச் செய்தி போய்ச் சேராது. நேர்ரோட்டில்கூட டுவெய்ன் மாவு பிசைகிற மாதிரி பிசைந்துகொண்டே போவார். ஒருநாள் மார்லிஸ் தம்பியிடம் வாய்விட்டே சொன்னாள். "கார் குடிச்சவன் மாதிரி போகுது, ஆர்லன். எனக்குக் கண்ணு தெரியலைன்னாலும் வயித்துக்குத் தெரியுது."

ஆர்லனுக்கு அது போதும். டிராக்டர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கடைசல் வேலை பார்த்தவர். பழைய கார்களுக்குப் புதுக்கார்களின் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கைப் பொருத்துவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. பல் வெட்டிய நீளமான தண்டு ஒன்று, அதன்மேல் ஓடும் சின்னப் பல்சக்கரம் ஒன்று. விரலை அசைத்தால் டயர் அசையும்.

ஸ்டியரிங்கை மாற்றித் தருகிறேன் என்று போய்ச் சொன்னதும் டுவெய்ன் வேண்டாமென்றார். வண்டி நன்றாகத்தான் போகிறது என்றார். ஆர்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி கேட்டார். உனக்கு எதற்கு இந்த வேலை, இந்த வயதில் காருக்கு அடியில் படுக்கவேண்டுமா என்றார் டுவெய்ன். இதுவும் கணக்காகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை மார்லிஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். டுவெய்ன் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் மறுக்கிறவன் காரணம் சொல்லியாக வேண்டும். கடைசியில், "சரி, நீ இவ்ளோ சொல்றப்ப…" என்றார். ஆர்லன் அன்றைக்கே சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கும் டுவெய்ன் காபி குடிக்கவில்லை. இரண்டு வருடமாகவே அவர் எத்தனை தடவை கேட்டாலும் காபியைத் தொடுவதில்லை. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தார். ஆர்லனும் நம்பினார். நம்பாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் ஆனது. பழைய சாமான் கிடங்கில் ஒரு சின்னக் காரின் ரேக்கைத் தேடிப் பிடித்தார். பழைய ஸ்டியரிங் தண்டை வெட்டி, பாக்ஸைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். ரேக் ஒரு விரற்கடை ஏறி இறங்கினாலும் பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். அதனால் தாங்குதகட்டை நான்கு தடவை வெட்டி, நான்கு தடவை தூக்கிப் போட்டார். ஐந்தாவது பொருந்தியது. ஓட்டிப் பார்த்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. அவருக்குத் தன்மேலேயே பிரியம் பொங்கியது.

சனிக்கிழமை காலை டுவெய்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மைல் போவதற்குள் ஆர்லனின் முகம் தொங்கிவிட்டது. வண்டி நேராகப் போகவில்லை. மூக்கு இடமும் வலமும் சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டே போனது. எதிரே தானிய லாரி வந்தபோது வண்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. டுவெய்ன் ஓரமாக நிறுத்தினார்.

ஆர்லன் தன் வேலையைத்தான் திட்டிக்கொண்டார். வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் இரண்டு நாள் ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தார். நூல் கட்டி அளந்தார். எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தது. தானே ஓட்டினார், நேர்ரோட்டில் கையை எடுத்தார், வண்டி அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை டுவெய்னை மறுபடி ஓட்டவைத்தார். இந்தத் தடவை ரோட்டைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். இரண்டு கைகளும் சக்கரத்தின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. பெரிய நடுக்கம் இல்லை. இரண்டு அங்குலத்துக்குள் அடங்குகிற நடுக்கம்தான். ஆனால் காபிக் கோப்பையில் அடங்காது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. டுவெய்ன் இறங்காமலே பேசினார்.

"ரெண்டு வருஷமா இருக்கு. பழைய பாக்ஸ் அதை முழுங்கிக்கிச்சு. வெளிய விடலை."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குக் கண்ணு தெரியாதே."

ஆர்லனுக்கு இப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு அங்குலத்தில்தான் அந்த மனிதர் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அதைத்தான் இவர் பழுது என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார். எவ்வளவு சாமர்த்தியம்!

இறங்கி நின்று சொன்னார். "பழைய பாக்ஸ் பெஞ்சுக்கடியிலதான் கெடக்கு. தண்டை இணைச்சிடலாம். ரெண்டு நாள்ல மாட்டிக் குடுத்திடறேன்."

"வேணாம்ப்பா," என்றார் டுவெய்ன்.

"எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

"எதுக்கு, விடு."

சொல்லிவிட்டு டுவெய்ன் வீட்டுக்குள் போகவில்லை. காரின் பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்பதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆர்லனுக்கு அது தெரியாதா? மூன்றாவது தடவை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது சமையலறை ஜன்னலில் மார்லிஸ் தெரிந்தாள். தட்டைத் துடைத்துக்கொண்டே பேச்சுக்குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். அந்தக் காரில் டுவெய்னுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. தானிய லாரி நினைவுக்கு வந்தது.

ஆர்லன் கேட்கவில்லை.

டுவெய்ன் இன்னும் சிறிது நேரம் நின்றார். பிறகு சாவியை எடுத்துக் காரின் பானெட்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். மார்லிஸிடம் தோள்வலி என்று சொன்னாராம்.

இப்போது வியாழன், ஞாயிறு இரண்டு நாளும் ஆர்லன்தான் ஓட்டுகிறார். டுவெய்ன் பின்னிருக்கையில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வருகிறார். முதல் வியாழக்கிழமை மார்லிஸ் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "எவ்ளோ நேராப் போகுது! இதை ஏன்டா முன்னாடியே செய்யல?" என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஆர்லன் தன் வீட்டில் நிறுத்தி எல்லோரையும் உள்ளே அழைத்தார். மார்லிஸ் கை கழுவப் போனாள். காபியைக் கொதிக்க வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி மூன்று தடவை கேட்கத் தயாராக, ஒரு வாய் குடிக்கிறாயா என்று டுவெய்னிடம் கேட்டார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. வயிற்றைச் சாக்குச் சொல்லவும் இல்லை.

"குடு," என்று முதல் தடவையே கையை நீட்டினார்.